வந்த கோலத்தில்

அஞ்சனா போன வாரம் எனக்கு ஓர் எறும்பின் முகத்தை அனுப்பினார். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தடயவியல் ஆய்வுக்கூடத்தின் புகைப்படப் பிரிவு இப்போது அவர் கையில் இருக்கிறது. பாறசாலைப் பக்கத்துக்காரர், தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பவர். "சாரே, இது போன்ல எடுத்ததாக்கும்! எத்தனை மடங்குன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தார். எறும்பு என்னைப் பார்த்த பார்வையில் நான் பென்ஷனுக்கு நிற்கும் டிரஷரி கவுண்டரின் சாயல் இருந்தது.

எறும்பின் தலை எத்தனை மில்லிமீட்டர், போனுக்குள் இருக்கும் சென்சாரில் அது எத்தனை மில்லிமீட்டராக விழுந்தது, இரண்டையும் சொன்னால் மடங்கைச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன். உடனே அழைத்தார்.

"ஒரு படம் காட்டினா, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வராதா சார் உங்களுக்கு?"

"எதுக்கு நல்லா இருக்குன்னு தெரிஞ்சா சொல்லலாம்."

"இது உங்க மேடத்தோட டயலாக். எத்தனை தடவை கேட்டாச்சு!"

விஷயம் இதுதான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உருப்பெருக்கப் படம் எடுப்பது பற்றி வகுப்பு நடத்த வேண்டும். நான் வந்து பேச வேண்டும். "தியரி வேண்டாம் சார், அனுபவம் சொன்னாப் போதும். தியரின்னா பிள்ளைங்க உறங்கிடும்." எழுதித் தருகிறேன் என்றேன். வகுப்பில் தூங்கினால் எனக்குத் தெரிந்துவிடும். எழுத்தைப் படித்துத் தூங்கினால் தெரியாது.

தியரியே இல்லாமல் முடியாது என்பதால் ஒரே ஒரு பத்தி. மடங்கு என்பது திரையில் விரலால் விரிப்பது அல்ல. ஒரு மில்லிமீட்டர் பொருள் பிலிமில் ஒரு மில்லிமீட்டராக விழுந்தால் ஒரு மடங்கு. எட்டு மில்லிமீட்டராக விழுந்தால் எட்டு மடங்கு. அதற்குப் பிறகு அதைச் சுவரளவு அச்சடித்தாலும் சரி, கோயில் கோபுரத்தில் தொங்கவிட்டாலும் சரி, பிலிமில் விழாதது எதுவும் அதில் வந்து சேராது. மங்கல்தான் பெரிதாகும். இப்போது ஒரு மென்பொருள் இருக்கிறதாம், மங்கலான இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று தானே யோசித்து வரைந்து கொடுக்குமாம். எங்கள் காலத்தில் அந்த வேலையைச் சாட்சிகள் செய்துகொண்டிருந்தார்கள்.

நான் இதே நகரத்தின் தமிழ் அக்ரஹாரமான ஸ்ரீவராகத்தில் பிறந்தவன். இயற்பியல் படித்தேன். வங்கிப் பரீட்சைகள் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகு ஆய்வுக்கூடத்தில் படமெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் கைரேகை, கள்ள நோட்டு, சக்கரத் தடம், பிறகு வெளியூரில் ஒரு பயிற்சி. அங்கே கற்றதில் பாதி எங்களிடம் இல்லாத கருவிகளைப் பற்றியது. மீதிப் பாதியை ரமாதேவி மேடம் மறக்கச் சொன்னார்.

மேடம் எங்கள் பிரிவின் தலைவர். திருச்சூர்க்காரர், வேதியியலில் டாக்டர் பட்டம். நான் பார்த்த வரையில் குரலை உயர்த்தியதே இல்லை. எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மேஜை மேல் குனிந்து, முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பார். குருவாயூரில் நடை திறக்கும்போது நிற்பவர்கள் அப்படி நிற்பார்கள். நாம் கையை நீட்டினால் ஒரே வாக்கியம்தான்: "தொடண்டா. ஆத்யம் காணு." தொடாதே, முதலில் பார். பார்த்து முடித்ததும் ஒரு படம். சாட்சிப் பொருள் எந்த நிலையில் வந்ததோ அந்த நிலையில், தூசி, நூல், அழுக்கு, போலீஸ்காரர் சாப்பிட்ட வடையின் எண்ணெய் உட்பட. இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. என் வாயில் அது "வந்த கோலம்" என்று ஆனது. மேடத்துக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. "சாமி, வந்த கோலம் எடுத்தோ?" என்றுதான் பிறகு கேட்பார். தமிழ் அக்ரஹாரத்துக்காரன் யாராக இருந்தாலும் இந்த ஊரில் அவன் சாமிதான். சர்வீஸ் முழுக்க எனக்கு இருந்த ஒரே பதவி உயர்வு அது.

கருவி பற்றி அஞ்சனா கட்டாயம் கேட்பார். நிற்க வைத்த ஒரு இரும்புத் தூண். அதில் கேமரா, கீழ்நோக்கி. கேமராவுக்கும் லென்சுக்கும் நடுவே பெல்லோஸ் என்ற துருத்தி. அதை இழுக்க இழுக்க மடங்கு கூடும். லென்ஸ் சாதாரண இருபத்தெட்டு மில்லிமீட்டர்தான், ஆனால் தலைகீழாக, முன்பக்கம் கேமராவைப் பார்க்க. எல்லோரையும் அடக்கி எடுக்கும் கல்யாண குரூப் போட்டோவுக்குச் செய்த லென்ஸ், திருப்பிப் போட்டால் அரிசிமணியில் இருக்கும் கீறலைக் காட்டும். மனிதர்களிடம் இந்த முறை செல்லாது.

இழுக்க இழுக்க வெளிச்சம் செத்துப்போகும். எட்டு மடங்கில் பிலிமுக்கு வந்து சேருவது எண்பதில் ஒரு பங்கு. கூர்மையாகத் தெரியும் ஆழமோ, தலைமுடியின் பருமனில் பாதி. உடனே எல்லோருக்கும் தோன்றுவது, லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கினால் ஆழம் கூடுமே என்பது. கூடும், கூடவே படம் முழுக்கப் பால் கலந்த மாதிரி ஆகிவிடும். துவாரம் ஓரளவு திறந்தே இருக்கட்டும். ஆழம் போதாவிட்டால் பொருளைச் சாய்த்து, பார்க்க வேண்டிய முகத்தைப் பிலிமுக்கு இணையாக நிறுத்து. லென்ஸைத் திருகாதே, பொருளை நகர்த்து. அதற்காக ஒரு பழைய மைக்ராஸ்கோப்பின் மேடையைக் கழற்றித் தூணுக்கு அடியில் வைத்திருந்தோம்.

அதற்குப் பிறகு ஆட்டம். மின்விசிறியை நிறுத்து. ஃபிரிட்ஜை நிறுத்து. லிஃப்ட் போகிறதா என்று கேள். அறையை இருட்டாக்கி, கேமராவின் ஷட்டரைத் திறந்து வைத்து, ஆட்டம் அடங்கும்வரை சும்மா நின்று, பிறகு விளக்கைப் போட்டு அணை. வெளியே ரோட்டில் ஒரு பஸ் போனால் அந்தப் படத்தை மறந்துவிடு.

தங்கம், கண்ணாடி போன்றவை விளக்கையே திருப்பிக் காட்டும். அதற்கு மருந்து, டேபிள் டென்னிஸ் பந்து ஒன்றைப் பாதியாக வெட்டி, உச்சியில் லென்ஸுக்கு ஒரு துளை போட்டு, பொருளின் மேல் கூடாரம் மாதிரிக் கவிழ்ப்பது. வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் மென்மையாக வரும். பந்து கேட்டு ஸ்டோருக்கு எழுதினேன். விளையாட்டுச் சாமான்கள் ரிக்ரியேஷன் கிளப் வழியாகத்தான் கோர வேண்டும் என்று பதில் வந்தது. கிளப்பில் சேர்ந்தேன். ஆய்வுக்கூடத்தின் டேபிள் டென்னிஸ் அணியில் ஒரு பந்தைக்கூட அடிக்காமல் பல வருடம் உறுப்பினராக இருந்தவன் நான் ஒருவன்தான்.

இனி அந்தச் செயின்.

கொண்டுவந்தவர் ஒரு சப் இன்ஸ்பெக்டர், கலகலப்பான மனிதர். நகரத்தில் ஒரு வீட்டில் வீட்டம்மாவின் தங்கச் செயின் காணாமல் போயிருந்தது. பொன்முடி எஸ்டேட்டிலிருந்து வந்து அங்கேயே தங்கி வேலை பார்த்த செல்லத்தாய் என்ற பெண்ணின் பெட்டியைச் சோதித்தார்கள். துணியில் முடிந்த ஒரு செயின் கிடைத்தது. அதே முறுக்குப் பின்னல், ஏறக்குறைய அதே நீளம். தன்னுடையதுதான் என்று வீட்டம்மா அடையாளம் சொன்னார். கொக்கியை ஒட்டிய கண்ணி அறுந்திருந்தது. தூங்கும்போது கழுத்திலிருந்து கத்தரித்து எடுத்திருக்கிறாள் என்பது போலீஸின் கணக்கு. செல்லத்தாய் உள்ளே இருந்தாள்.

"அவ என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"தாலிச்செயினாம் சாமீ! அப்போ தாலி எங்கே? அதை உருக்கி மகளுக்குக் கம்மல் செஞ்சாளாம். செயின் கழுத்தில ஏன் இல்லே? கெட்டியவன் மரிச்சுப் போயாம். சாட்சி யாரு? எஸ்டேட் லயத்து வீடுகள்ல கூட உள்ள பெண்ணுங்க. எல்லாம் ஒரே கூட்டம்." அவர் சிரித்தார். "வெட்டு உண்டுன்னு ஒரு படம் எடுத்துத் தந்தாப் போதும். பெரிசா ஒண்ணும் வேண்டா."

எங்களிடம் எழுதிக் கேட்டதும் அந்த ஒரே கேள்விதான்: கண்ணி வெட்டப்பட்டதா?

மேடம் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். எங்கள் டெக்னீஷியன் பிஜு பக்கத்தில் பீக்கரும் அசிட்டோனுமாகத் தயாராக நின்றான். நகை என்றால் முதலில் சுத்தம் செய்வது வேறு பிரிவில் அவன் பழகிய முறை.

"நல்ல அழுக்குண்டு மேடம். ஒந்நு கழுகட்டே?"

"தொடண்டா," என்றார் மேடம். பிஜு பீக்கரை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் வைத்தான்.

வந்த கோலம் எடுத்தேன். பிறகு அறுந்த முனையை மூன்று மடங்கில். கத்தரியோ கட்டிங் பிளேயரோ கடித்தால் கம்பி இரண்டு பக்கமும் நசுங்கி, நடுவே கூரை முகடு மாதிரி ஒரு கோடு நிற்கும். இதில் கோடு இல்லை. பல வருடம் உரசித் தேய்ந்து மெலிந்த கம்பி, ஒரு இழுப்பில் நீண்டு அறுந்திருந்தது. ஆக, வெட்டு இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, கோப்பை மூடலாம். ஆனால் வ்யூஃபைண்டரில் கண்ணிகளின் உள்வளைவில் ஏதோ அப்பியிருந்தது. மஞ்சள் பழுப்பில், காய்ந்து, வெடித்து, கோடையில் வற்றிய குளத்தின் தரை போல.

பிஜு சோப்பு என்றான். மேடம் பாலிஷ் பொடியாக இருக்கும் என்றார். நான் அதைத் தினமும் காலையில் என் வீட்டில் பார்ப்பவன்.

"மேடம், இது மஞ்சள். எங்க ஆட்கள் குளிக்கறப்போ தாலிக்கொடியில தேய்ப்பா."

"அறியுமோ, தோணுதோ?"

"தோணறது."

"அப்போ எழுதண்டா."

எங்கள் மாடிக்குக் கீழே வேதியியல் பிரிவு. அவர்கள் சோதிக்கச் சுரண்டித் தர வேண்டும் என்றார்கள். நாலைந்து கண்ணியாவது வேண்டுமாம். மேடம் ஒரு கண்ணியைக் காட்டினார். "இது மட்டும். இதுக்கு மேல ஒண்ணும் இல்லை." சுரண்டிய துகளில் காரம் பட்டதும் சிவந்தது. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு கரைத்தால் மஞ்சள் சிவப்பதை எங்கள் தெருவில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் அதை இரண்டு பக்கத்துக்கு எழுதினார்கள்.

மஞ்சள்தான் என்று ஆனதும் சப் இன்ஸ்பெக்டர் போனில் வந்தார். அவர் முட்டாள் அல்ல. "அது அவ பின்னே தேச்சதாயிருக்கும் சாமீ. எடுத்த செயின், தன்னோடதுன்னு காட்ட வேண்டாமோ?"

கேள்வி நியாயமானது. வீட்டம்மா பொய் சொல்கிறார் என்று எங்களுக்கு யாருக்கும் தோன்றவில்லை. அவருடைய செயின் தொலைந்தது நிஜம். பின்னல் ஒன்று என்பதும் நிஜம். இந்தப் பக்கமோ, சிறையில் இருக்கும் ஒருத்தியின் வார்த்தை.

"எப்போ தேச்சதுன்னு படம் பறயுமோ, சாமி?" என்றார் மேடம்.

"தேதி சொல்லாது மேடம். எது முன்னாடி, எது பின்னாடின்னு சொல்லும்."

மூன்று மடங்குப் படத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டோம். கண்ணியின் வளைவெல்லாம் மஞ்சள். அறுந்த முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது, அல்லது இருந்த மாதிரி இருந்தது. அந்தப் படத்தில் அந்த முகம் ஒரு மிளகின் பாதி. சுத்தமாக இருக்கிறதா, கூர்மை தப்பியிருக்கிறதா என்று அடித்துச் சொல்ல முடியாது. அடித்துச் சொல்ல முடிந்தால் வழக்கே அதுதான். செயின் அறுந்த பிறகு யாராவது மஞ்சள் தேய்த்திருந்தால், அறுந்த முகத்தின் சொரசொரப்பிலும் அது ஏறியிருக்கும். அங்கே இல்லை என்றால், தேய்த்தது அறுவதற்கு முன்னால். அறுவதற்கு முன்னால் என்றால், செயின் ஒரு கழுத்தில் முழுசாக இருந்த காலத்தில்.

துருத்தியை முழுக்க இழுத்தேன். எட்டு மடங்கு.

பிலிமே ஒரு பிரச்சினை. பல்ப் வெளிச்சத்தில் சாதாரணக் கலர் பிலிம் எல்லாவற்றையும் மஞ்சளாக்கும். பொருள் தங்கம், ஒட்டியிருப்பது மஞ்சள், விளக்கும் மஞ்சள் என்றால், கோர்ட்டில் எந்தக் கத்துக்குட்டி வக்கீலும் என்னைக் கிழித்துவிடுவார். பல்புக்கென்றே செய்த பிலிம் வரவழைத்து, ஒவ்வொரு வரிசையிலும் சாம்பல் நிற அட்டையையும் மில்லிமீட்டர் கோட்டையும் சேர்த்து எடுத்தேன். அறுந்த முகத்தைப் பிலிமுக்கு இணையாக நிறுத்துவதற்கு மட்டும் ஒரு பகல் போனது. களிமண் உருண்டையில் கண்ணியைச் சொருகி, ஊசிமுனையால் தள்ளி, பார்த்து, மறுபடி தள்ளி. ஒரு பக்கம் கூர்மையானால் மறுபக்கம் மங்கும். பந்தைக் கவிழ்த்து, விசிறியை நிறுத்தி, வியர்வை செயின்மேல் சொட்டாமல் இருக்க நெற்றியில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டேன். அந்தக் கோலத்தில் என்னைப் படம் எடுக்க யாரும் முன்வரவில்லை.

நெகட்டிவ் காய்ந்து, அச்சடித்து, ஈரத்தோடு மேடத்திடம் கொண்டுபோனேன். மஞ்சள் அடுக்கு உடைந்த விளிம்புவரை வந்து, பிஸ்கட் முறிந்த மாதிரி அங்கேயே நின்றது. அதற்கு அப்பால் வெறும் தங்கம், சொரசொரப்பாக, ஒரு துகள்கூட இல்லாமல்.

"நன்னா வந்திருக்கு மேடம்," என்றேன்.

"எந்தினு நல்லது?" என்றார். எதற்கு நல்லது? "உடைஞ்ச இடத்தில மஞ்சள் தேச்சாலும் பிடிக்காதுன்னு வக்கீல் சொன்னா? அறுந்த வேறொண்ணுல தேச்சு ஒப்பிடணும். பழைய மஞ்சள் எப்படி இருக்கும்னு காட்ட வேறொண்ணும்."

அதாவது வருடக்கணக்கில் மஞ்சள் தேய்த்த ஒரு தாலிக்கொடி. எனக்குத் தெரிந்து அப்படி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது, என் மனைவி கோமதியின் கழுத்தில். வழக்கைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை என்பது என் விதி. எனவே, "உன் கொடியைக் கொஞ்சம் கழட்டித் தரயா? சாயங்காலம் தந்துடறேன்" என்று மட்டும் கேட்டேன்.

அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "ஏன்னா, புத்தி கெட்டுப்போச்சா? கழட்டித் தரதாமே!"

"ஆபீஸ் காரியம்."

"ஆபீஸுக்கு வேணும்னா ஆபீஸை வரச் சொல்லுங்கோ. இல்லேன்னா நான் வரேன். இது என் கழுத்தை விட்டு வராது."

வந்தாள். சாட்சிப் பொருளோடு ஓர் ஆள் ஒட்டிக்கொண்டு வந்தது ஆய்வுக்கூட வரலாற்றில் அதுவே முதல் முறையாக இருக்கும். ஸ்டூலில் உட்கார வைத்து, கொடியை இழுத்து மேடையில் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் களிமண்ணால் அமுக்கினேன். எட்டு மடங்கில் அவள் மூச்சு விடுவது நிலநடுக்கமாகத் தெரிந்தது.

"மூச்சை அடக்கு."

"எத்தனை நேரம்? நான் என்ன பிராணாயாமமா பண்றேன்?"

"பேசாதே. ஆடறது."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இதையேதான் சொல்றேள்." மேடம் முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்று கேட்டேன். அந்தப் படம் வீணானது. அடுத்ததில் கோமதி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருட்டில் விளக்கைப் போட்டு அணைத்தேன். அது தேறியது. உள்வளைவில் அடுக்கடுக்காக மஞ்சள். உரசும் இடத்தில் வெறும் தங்கம். செல்லத்தாயின் செயினில் இருந்த அதே வரைபடம், வியர்வை ஈரத்தோடு.

பிறகு கோமதி தன் பெட்டியிலிருந்து கொண்டுவந்த ஓர் அறுந்த பழைய சங்கிலித் துண்டில் பிஜு மஞ்சள் தேய்த்தான். "சப்பாத்திக்கா மாவு பிசையறே? தள்ளு," என்று பிடுங்கிக்கொண்டு அவளே இழைத்து, தேய்த்து, கழுவி, முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். எட்டு மடங்கில் பார்த்தோம். எத்தனை துடைத்தும் உடைந்த முகத்தின் ஒவ்வொரு பள்ளத்திலும் மஞ்சள் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்குப் போகும்போது, "யாரோட செயின் அது?" என்றாள். ஆபீஸ் காரியம் என்றேன். "அறுந்திருந்ததே," என்றாள். எங்கள் வீட்டுப் பக்கத்து ஈஞ்சக்கல் வரும்வரை அவள் கை மட்டும் கொடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கோர்ட்டில் படங்களை நாலு பலகையில் ஒட்டி நிறுத்தினேன். செல்லத்தாயை அன்றுதான் பார்த்தேன். குள்ளமான பெண், கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். கூண்டில் நின்றுகொண்டு படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து கிட்டே வந்தார். "இது எந்த மலை?"

"கண்ணியின் ஒரு முனை, யுவர் ஆனர். கடுகின் பாதி அளவு. பிலிமில் எட்டு மடங்கு, அச்சில் அறுபத்துநாலு. கோடு பக்கத்தில் இருக்கிறது."

அரசு வக்கீல் எதிர்பார்த்ததையே கேட்டார். மஞ்சள் திருட்டுக்குப் பின்னால் தேய்த்ததாக இருக்கலாமே? அறுந்த முகத்தையும், கோமதி தேய்த்த துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

வீட்டம்மாவை மறுபடி கூப்பிட்டு மாஜிஸ்திரேட்டே கேட்டார், தங்கள் செயினில் எப்போதாவது மஞ்சள் தேய்த்ததுண்டா என்று. "மஞ்ஞளோ? ஸ்வர்ணத்திலோ?" என்று அந்த அம்மா முகத்தைச் சுளித்தார். சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. செல்லத்தாயைத் திரும்பிப் பார்த்தார். உண்மை சொல்ல வேண்டிய இடத்தில் உண்மை சொன்னார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க நமக்கு உரிமையில்லை. அவருடைய செயின் பிறகு கிடைத்ததா என்று தெரியாது. எங்களிடம் வரவில்லை.

கடைசியாக, கண்ணி எப்படி அறுந்தது என்று செல்லத்தாயிடம் கேட்டார்கள். அதுவரை யாரும் அவளைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"அவரு செத்த அன்னிக்கு அய்யா. கழட்டணும்னாங்க. நான் விடல, கையில பிடிச்சுக்கிட்டேன். நாத்தனாரு இழுத்தா. அறுந்துபோச்சு."

அறுந்த முகம் என் பலகையில் அறுபத்துநாலு மடங்கில் நின்றது. 

விடுதலை ஆனாள். கொஞ்ச காலம் கழித்து வேறொரு வழக்குக்காக அதே கோர்ட்டுக்குப் போயிருந்தேன். தொண்டிமுதல் வைக்கும் அறைவாசலில், அதாவது வழக்குப் பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில், செல்லத்தாய் நின்றுகொண்டிருந்தாள். கிளார்க் நல்ல மனிதர். செயினை எடுத்துக் கொடுத்துவிட்டு, "முழுக்க அழுக்கில்லே? சாலைக் கடைத்தெருவில தட்டான் கடையில குடுத்தா புதுசு போல ஆக்கித் தரும்" என்றார்.

"வேண்டாம் சாரே."

அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். செயினை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, விரல் படாமல், கண்ணி கண்ணியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஓர் இடத்தில் நின்றாள்.

"இந்த ஒரு கண்ணியில மட்டும் காணல. யாரு சார் தொடச்சது?"

"சோதனைக்குக் கொஞ்சம் எடுக்க வேண்டியிருந்ததும்மா. அது ஒண்ணுதான்."

"ஒண்ணுதானே. சரி." பிறகு, எனக்கென்று இல்லாமல், "அவரு இருக்கையில தேச்சது. இனிமே நான் தேய்க்க முடியாதுல்ல சார்" என்றாள்.

இடுப்பிலிருந்து பழைய துணியை எடுத்தாள். எடுத்தவள் யோசித்தாள். துணி உரசினால் உதிரும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் பையில் லென்ஸ் துடைக்கும் மெல்லிய தாள் எப்போதும் இருக்கும். கொடுத்தேன். அறுந்த முனையை மேலே வைத்து, ஒரு சுற்று இன்னொரு சுற்றின்மேல் படாமல், ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவே ஒரு தாள் வைத்துச் சுற்றினாள். அப்புறம்தான் துணி. பொன்முடி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி மேடத்திடம் சொன்னேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். முடித்ததும் ஒரே கேள்விதான்.

"சாமி தொட்டோ?"

"இல்லை மேடம்," என்றேன்.